செத்த பற்றறி

திறக்கிறது சுகம்.
டி டிரைவை இரண்டு தரம் தட்டினால்
கடவுச்சொல் கேட்கும், சொன்னால் விடும்.
பூட்டத்தான் வழியில்லை.
வலப்பக்கம் அழுத்தி மேலிருந்து கீழாகத் தேடினேன்:
பெயர் மாற்று, பகிர், சுத்தம் செய், பண்புகள்.
'பூட்டு' என்ற சொல்லைச் செய்தவன் மறந்தான்.
அல்லது, உள்ளே வந்தவரை எழுப்பி அனுப்பும் தேவை
அவன் வீட்டில் ஒருநாளும் வந்திராது.

பரந்தன் சந்தியில் கடை வைத்திருக்கிற சுதேசன் சொன்னான்:
"யன்னலை மூடினாப் பூட்டினதெண்டு நினைக்காதேங்கோ அக்கா,
அது வாசலுக்குப் படங்கு இழுத்துவிட்ட மாதிரித்தான்."
படங்கு எதை மறைக்கும், எதை மறைக்காது என்று
விசுவமடுவில் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.
பிறகு இரண்டு வழி காட்டினான்.
கறுப்புத் திரையில் நீட்டாக ஒரு ஆங்கில வரி;
நடுவில் கோடு, இடைவெளி, ஒரு முக்காற்புள்ளி,
ஒரு எழுத்துப் பிசகினாலும் கேளாது.
இல்லாவிட்டால் மெஷினை நிப்பாட்டுவது.
"பற்றறியும் செத்துப்போச்சு, பன்னிரண்டாயிரம்,
வவுனியாவில இருந்து எடுத்துத் தாறன்" என்றான்.
பார்ப்பம் என்றேன்.

டிக்குள் நாற்பத்தொரு பெண்கள்.
கிழமைக் காசு கட்டின அட்டை, கட்டாத அட்டை,
தெரியாத கடனுக்குத் தெரிந்த கையெழுத்து.
பின்னேரம் ஆறு மணிக்கு முற்றத்தில் நின்று
காசு எடுக்க வந்தவன் சொன்ன சொற்கள்,
சொன்ன மாதிரியே,
ஒன்றையும் கழுவாமல்.

செவ்வாய்க்கிழமை பரிமளகாந்தி சொன்னதை
நான் தட்டிக்கொண்டிருந்த நேரம்
கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் நின்றது.
இரண்டு பேர். எங்கிருந்து என்று அவர்கள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஹெல்மெட்டைக் கொண்டுவந்து
கீபோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான் ஒருவன்.
"தங்கச்சி என்ன எழுதுறீங்கள்?"
முட்டைக் கணக்கு என்றேன்.
"காட்டுங்கோவன்."

அந்த ஆங்கில வரி எனக்குப் பாடம்.
ஆனால் ஒருவன் தோளுக்கு மேலால் பார்க்கும்போது
எந்த விரலால் அதை எழுதுவது?
தேத்தண்ணி போட எழும்புகிற சாட்டில்
காலால் வயரை இழுத்தேன்.
திரை கறுத்தது.
"கரண்ட் போட்டுதோ?" என்றான் ஒருவன்.
மற்றவன் அண்ணாந்து பார்த்தான்.
ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.

பழசு அண்ணை, பற்றறி இல்லை, வயர் ஆடினாலே நிண்டிடும்.
மூன்றிலும் பொய்யில்லை.
திருப்பிப் போட்டபோது அது கடவுச்சொல் கேட்டது.
பிள்ளை ஏதோ மாற்றிப்போட்டான் என்றேன்.
அது மட்டும்தான் பொய்.
தேத்தண்ணியைக் குடித்து முடித்துத்தான் போனார்கள்.

சொல் மறந்தால் திறக்க நாற்பத்தெட்டு இலக்கம் உண்டு.
ஆறு ஆறாக எட்டு வரி,
முட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன்.
அன்றிரவு பார்த்தால், ஆதிரையன்
கீழே இரட்டைக் கோடு போட்டுக்
கூட்டி வைத்திருக்கிறான்.
கூட்டல் சரி.
நல்ல பிள்ளை என்று சொல்லி
அந்தப் பக்கத்தை வேறிடத்தில் வைத்தேன்.

சுதேசன் போன் எடுத்தான்: பற்றறி வந்திட்டுது.
வேண்டாம் தம்பி.
"என்னக்கா, கரண்ட் போனா அடிச்சதெல்லாம் அழிஞ்சிடுமே."
ஓம். அழிந்துதான் போனது.
பரிமளகாந்தியின் ஒன்றரைப் பக்கம்.

தருமபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்
திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ என்று கேட்டேன்.
மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவினாள்.
முதல்நாள் அழுத இடத்தில் இன்று அழவில்லை.
முதல்நாள் சொல்லாத ஒரு பெயரை
இன்று சொன்னாள்.

ஒரு வசனம் முடிந்ததும் நிறுத்தி
என் விரலைப் பார்த்தாள்.
"பதிஞ்சிட்டியா?"
ஓமக்கா.
"அப்ப எழுது."